பாவு யாருடையது?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "காதல் கவிதை வேண்டாம், அறிவுரையும் வேண்டாம், நமக்கு உபயோகமா எதாவது எழுதுடா" என்றார்கள் சங்கத்து நண்பர்கள். உபயோகமா எழுதணும்னா நான் பட்டதைத்தான் எழுதணும். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நம் கல்லூரி வாசல் டீக்கடைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு வந்து பாருங்கள். முன்பெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் பேசுவார்கள். இப்போது நாலு பேர் தலையைக் குனிந்து ஒரே செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பச்சைக் கோடு, சிவப்புக் கோடு. "ஏறுதுடா... ஏறுதுடா... ஐயோ இறங்கிடுச்சு!" காயினாம். கிரிப்டோவாம். எந்தக் காயினைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்: "டேய், இதுல அமெரிக்காக்காரன் கோடிக்கணக்குல ஃபண்டு போட்டிருக்கான். அவன் என்ன முட்டாளா?"

இந்தக் கேள்விதான் என் கட்டுரை. அவன் முட்டாள் இல்லை. அப்படியானால் முட்டாள் யார்?

என் கதை

நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் குழித்தறி ஒன்று. அப்பா தறியில், அம்மா தார் சுற்றுவார். அரசுப் பள்ளியில் படித்ததால், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தபோது மாதம் 1,000 ரூபாய் என் வங்கிக் கணக்குக்கு வர ஆரம்பித்தது. அப்பா ஒரு பைசா கேட்கவில்லை. "வச்சுக்கோ, புஸ்தகம் வாங்கு" என்றார். எனக்கு மனசுக்குள் வேறு கணக்கு. அப்பா தறியின் ஜக்கார்டு பெட்டி ரொம்ப நாளாகப் பழுது. சேர்த்து வைத்து அதைச் சரிசெய்து தருவது என்று நினைத்திருந்தேன்.

2025 பிப்ரவரியில் கையில் 7,000 ரூபாய் சேர்ந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2024 டிசம்பரில், பிட்காயின் முதல் முறையாக 1 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. யூடியூபில் ஒருவர், "பிட்காயினை விடுங்க, சின்ன காயினைப் பிடிங்க, பெரிய வென்ச்சர் கம்பெனி பணம் போட்ட காயின் இது" என்று ஒரு பெயரைச் சொன்னார். எனக்கு அப்போது 18 வயசு ஆகவில்லை. சித்தப்பா மகன் கணக்கில் போட்டேன். இதுவே முதல் தப்பு.

நாலு நாளில் 8,900 ஆனது. அந்த நாலு நாளும் எனக்குப் பாடம் ஓடவில்லை. பங்குனி மாசம் பார்த்தபோது 1,600. விற்றேன். ஜக்கார்டு பெட்டி இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அப்பாவுக்கு இது தெரியாது. இந்த மலர் வீட்டுக்குப் போகும்போது தெரியும். தெரியட்டும்.

பணம் போனதை விட என்னை உறுத்தியது வேறொன்று. அந்தக் காயினில் "பெரிய கம்பெனி பணம் போட்டது" என்பது பொய் இல்லை. உண்மையாகவே போட்டிருந்தார்கள். பின்னே எப்படி எனக்கு மட்டும் நஷ்டம்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கோடை விடுமுறை முழுக்கப் படித்தேன்.

வென்ச்சர் முதலீடு என்பது என்ன?

நம் ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம். முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுக்கிறார். நெய்பவர் கூலிக்கு நெய்கிறார். சேலை முதலாளியுடையது. நடுவில் அவசரத்துக்கு முன்பணம் வாங்கினால் அது கடன். திருப்பித் தரணும்.

வென்ச்சர் முதலீட்டில் கடன் இல்லை, வட்டி இல்லை. ஒரு கம்பெனி ஆரம்பிக்கும்போதே பணம் கொடுத்து, அந்தக் கம்பெனியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார்கள். கம்பெனி மூழ்கினால் பணம் போச்சு, யாரையும் கேட்க முடியாது. கம்பெனி பெரிசானால் ஒன்றுக்கு நூறு. ஆகையால் அவர்கள் ஒரே கம்பெனியில் போடுவதில்லை. முப்பது கம்பெனியில் போடுவார்கள். அதில் பெரும்பாலானவை காணாமல் போகும் என்று தெரிந்தேதான் போடுவார்கள். ஒன்றிரண்டு ஜெயித்தால் மொத்த நஷ்டமும் ஈடாகிவிடும்.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். "அமெரிக்காக்காரன் போட்டிருக்கான்" என்றால், "இது ஜெயிக்கும்" என்று அர்த்தம் இல்லை. "தோற்றாலும் அவனால் தாங்க முடியும்" என்றுதான் அர்த்தம். நம்மிடம் இருப்பது முப்பது கம்பெனி அல்ல. ஒரே ஒரு 7,000.

பணம் வந்த வழி, போன வழி

இனி கொஞ்சம் புள்ளி விவரம். 2021-இல் உலகம் முழுக்க கிரிப்டோ, பிளாக்செயின் கம்பெனிகளுக்கு வந்த வென்ச்சர் பணம் 3,000 கோடி டாலருக்கும் மேல். 2022-இலும் ஏறக்குறைய அதே அளவு. 2023-இல் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி 1,000 கோடி டாலர் அளவுக்கு வந்தது. 2024-இல் சற்றே ஏறி 1,150 கோடி டாலர் அளவு. மழை பெய்ததும் குளம் நிறைந்ததும் இரண்டே வருஷம்தான்.

நம் நாட்டிலும் அந்த மழை பெய்தது. 2021 ஆகஸ்டில் மும்பை காயின்டிசிஎக்ஸ் 9 கோடி டாலர் திரட்டி, 100 கோடி டாலர் மதிப்பைத் தாண்டிய முதல் இந்திய கிரிப்டோ கம்பெனி ஆனது. இரண்டே மாதத்தில் பெங்களூரு காயின்ஸ்விட்ச் குபேர் 26 கோடி டாலர் திரட்டியது. அமெரிக்காவின் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் நிறுவனம் இந்தியாவில் போட்ட முதல் பணம் அது. 2022 பிப்ரவரியில் பாலிகான் 45 கோடி டாலர் வாங்கியது. அதே மாதம் நம் சென்னை கார்டியன்லிங்க் 1.2 கோடி டாலர் வாங்கியது. அமிதாப் பச்சன் குரல் பதிவையெல்லாம் டிஜிட்டல் பொருளாக ஏலம் விட்ட கம்பெனி அது.

அந்தப் பணம் எங்கே போனது? ஒரு பகுதி நம் கண் முன்னாலேயே போனது. 2021 டி20 உலகக் கோப்பை கிரிக்கெட்டின்போது ஓவருக்கு ஓவர் கிரிப்டோ விளம்பரம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். முதலீட்டாளர் கொடுத்த பணம் விளம்பரமாகி, விளம்பரம் நம் அண்ணன்மார்களைக் கூப்பிட்டது.

அப்புறம் 2022 வந்தது. ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனைக்கும் 1 சதவீதம் பிடித்தம். ஒரு காயினில் பட்ட நஷ்டத்தை இன்னொரு காயினில் வந்த லாபத்தில் கழிக்கவும் முடியாது. மே மாதம் டெர்ரா-லூனா என்ற காயின் ஒரே வாரத்தில் சரிந்து சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு ஆவியானது. ஜூலை 4-ஆம் தேதி வால்டு என்ற கம்பெனி வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது. சிங்கப்பூரில் பதிவு செய்து, இந்தியாவில் பெரும்பாலான வேலையை நடத்திய கம்பெனி. டெபாசிட்டுக்கு 12 சதவீதத்துக்கு மேல் வட்டி தருவதாகச் சொன்னது. ஒரு வருஷத்துக்கு முன்பு, 2021 ஜூலையில், பீட்டர் தீல் ஆதரவு பெற்ற வேலார் வென்ச்சர்ஸ் தலைமையில் 2.5 கோடி டாலர் முதலீடு வாங்கிய கம்பெனியும் அதுவே.

எல்லாவற்றுக்கும் சிகரம் எஃப்டிஎக்ஸ். 2022 ஜனவரியில் 3,200 கோடி டாலர் மதிப்பு. நவம்பர் 11-ஆம் தேதி திவால். அதன் நிறுவனர் சாம் பேங்க்மேன்-ஃப்ரைடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறைத் தண்டனை. வாடிக்கையாளர் பணத்தைத் தன் இன்னொரு கம்பெனிக்குத் திருப்பியதாக வழக்கு.

இங்கேதான் கவனிக்கணும். அதில் பணம் போட்டவர்கள் யார்? சிலிக்கான் வேலியின் செக்கோயா. சிங்கப்பூர் அரசின் டெமாசெக். டெமாசெக் சுமார் எட்டு மாதம் கணக்கு வழக்கெல்லாம் ஆராய்ந்துதான் பணம் போட்டதாகச் சொன்னது. 27.5 கோடி டாலரை முழுசாக நஷ்டத்தில் எழுதியது. எட்டு மாதம் ஆராய்ந்தவர்களுக்கே தெரியாதது, எட்டு நிமிட யூடியூபில் எனக்குத் தெரிந்துவிடுமா?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. டெமாசெக் மறுநாளும் டெமாசெக்காகவே இருந்தது. அவர்கள் மொத்தச் சொத்தில் அது ஒரு துளி.

கதவு திறக்கும் நாள்

இப்போது என் 7,000-க்கு வருகிறேன். இதுதான் முக்கியம், மெதுவாகப் படியுங்கள்.

சாதாரணக் கம்பெனியில் முதலீட்டாளருக்குப் பங்கு கிடைக்கும். அதை விற்க ஏழெட்டு வருஷம் ஆகலாம். காயின் கம்பெனியில் பங்கோடு சேர்த்து, அல்லது பங்குக்குப் பதிலாக, காயினையே கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் பொதுமக்களுக்கு வருவதற்கு முன்பே, மிகக் குறைந்த விலையில்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். கம்பெனி 100 கோடி காயின் உருவாக்குகிறது. முதலீட்டாளருக்கு 20 கோடி காயின், ஒன்று 1 ரூபாய் வீதம். ஆனால் ஒரு வருஷம் விற்கக்கூடாது என்று பூட்டு. பிறகு சந்தைக்கு வெறும் 10 கோடி காயின் மட்டும் விடுகிறார்கள். சரக்கு குறைவு, விளம்பரம் அதிகம். விலை 20 ரூபாய்க்கு ஏறுகிறது. "2,000 கோடி மதிப்புள்ள கம்பெனி!" என்று செய்தி வருகிறது. நாம் 20 ரூபாய்க்கு வாங்குகிறோம்.

ஒரு வருஷம் கழித்துப் பூட்டு திறக்கிறது. 20 கோடி காயின் வெளியே வருகிறது. விலை சரிந்து 5 ரூபாய். முதலீட்டாளருக்கு அப்போதும் ஒன்றுக்கு ஐந்து லாபம். நமக்கு நாலில் மூன்று பங்கு நஷ்டம். ஒரே காயின், ஒரே நாள், ஒரே விலை!

இதில் திருட்டு எதுவும் இல்லை. எந்தத் தேதியில் எத்தனை காயின் திறக்கும் என்பதைப் பல கம்பெனிகள் முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். நான் வாங்கிய காயினுக்கும் அப்படி ஒரு தேதி இருந்தது. அது மார்ச் மாதம். நான் பார்க்கவில்லை. பார்க்கணும் என்றே தெரியாது.

தோழர்களே, அவர்கள் நம்மோடு சேர்ந்து பணம் போடவில்லை. அவர்கள் விற்க வந்தவர்கள், நாம் வாங்க வந்தவர்கள். பட்டுக்கடையில் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டால் நாம் பங்குதாரர் ஆகிவிடுவோமா?

ஆரணிக்காரனுக்குத் தெரியாததா?

நம் பக்கத்து மக்களுக்கு இந்தப் பாடம் புதிசு இல்லை. ஆருத்ரா கோல்டு விவகாரம் 2022-இல் வெடித்ததே, மறக்க முடியுமா? மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸ் சொன்னது. பிளாக்செயின் கிடையாது, அமெரிக்க ஃபண்டு கிடையாது. வெறும் தங்கம் என்ற பெயர், அவ்வளவுதான். தங்கம் என்றாலே மயங்கினோம். இப்போது "டெக்னாலஜி" என்றால் மயங்குகிறோம். படித்தவர்கள் மயங்குவதற்குப் புதுப் பெயர் தேவைப்படுகிறது, வேறொன்றும் இல்லை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கிரிப்டோவில் சட்டப்படி நடக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. 2023 மார்ச் முதல் அவை பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டன. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில், கிரிப்டோ காயின் ஒரு சொத்துதான், அதை வைத்திருப்பவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். 2024 ஜூலையில் வசிர்எக்ஸ் தளத்தில் சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் களவு போனபின், தன் காயினை எடுக்க முடியாமல் தவித்த ஒருவர் போட்ட வழக்கு அது. நல்ல தீர்ப்பு. ஆனால் சொத்து என்று கோர்ட் சொன்னால் விலை இறங்காது என்று அர்த்தமா? நிலமும் சொத்துதான். ஏமாந்து வாங்கிய நிலமும் சொத்துதான்!

அப்படியானால் பிளாக்செயினே வேண்டாமா?

"இவன் கையைச் சுட்டுக்கிட்டு அடுப்பே வேண்டாங்கிறான்" என்று நினைக்காதீர்கள். வேணும். எதற்கு வேணும் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு கூலி நோட்டு உண்டு. எத்தனை சேலை கொடுத்தோம், கூலி எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று எழுதி வைப்பது. முதலாளி வீட்டிலும் ஒரு நோட்டு உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம், எங்கள் நோட்டுப்படி பாக்கி 38,000. அவர்கள் நோட்டுப்படி 46,000. எங்கள் நோட்டில் நடுவில் ஒரு தாள் கிழிந்திருந்தது. அப்பா வாதாடவில்லை. "அடுத்த பாவு அவங்கதான் தரணும்" என்றார். 46,000 என்று ஒப்புக்கொண்டுவிட்டார். 8,000 ரூபாய் என்பது எத்தனை நாள் தறிக்குழியில் கால் வைப்பது என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பிளாக்செயின் என்பது கடைசியில் என்ன? கிழிக்க முடியாத நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் மொத்தத்தையும் ஒரு கணக்கு முறையில் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுவது. எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் எவ்வளவு பெரிய பக்கமானாலும் 64 எழுத்தில் சுருங்கும். நடுப் பக்கத்தில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் சுருக்கம் முழுசாக மாறிவிடும். அதற்குப் பின் வரும் எல்லாப் பக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, நோட்டின் நகல் ஒருவரிடம் மட்டும் இல்லாமல் பலரிடம் இருக்கும். ஆகையால் ஒருவர் ரகசியமாகத் திருத்த முடியாது. இதற்கு நம் கம்ப்யூட்டர் லேபில் இருக்கும் பைத்தான் போதும். நான் எழுதிப் பார்த்தேன். நூறு வரிக்கும் குறைவு.

இப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், 38,000-ஆ 46,000-ஆ என்ற கேள்வியே வந்திருக்காது. நெசவாளர் பக்கமும் சரி, முதலாளி பக்கமும் சரி, நியாயமானவர்களுக்கு அது பாதுகாப்பு.

சரி, இதற்கு ஏன் யாரும் கோடிக்கணக்கில் ஃபண்டு போடவில்லை? கோடை முழுக்கப் படித்ததில் எனக்குக் கிடைத்த விடை இதுதான்: கூலி நோட்டில் விற்பதற்குக் காயின் இல்லை! 2021, 2022-இல் கொட்டிய பணத்தில் பெரும்பகுதி காயின் வாங்கி விற்கும் தளங்களுக்கும், காயினை வட்டிக்கு விடும் கம்பெனிகளுக்கும், காயின் விளையாட்டுகளுக்கும், காயினைச் சுமக்கும் வலைப்பின்னல்களுக்கும் போனது. நோட்டுக்காகக் கண்டுபிடித்த வித்தை, காயினுக்காக வளர்க்கப்பட்டது.

2025-இலும் போக்கு பெரிசாக மாறவில்லை. மார்ச் மாதம் அபுதாபியின் எம்ஜிஎக்ஸ் நிறுவனம் பைனான்ஸ் என்ற ஒரே தளத்தில் 200 கோடி டாலர் போட்டது. டாலரோடு விலை கட்டிப்போட்ட ஸ்டேபிள்காயின் கம்பெனிகள் பக்கம் பணம் திரும்பியது. ஜூன் மாதம் அப்படிப்பட்ட சர்க்கிள் கம்பெனி நியூயார்க் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. பெரிய பணம் பெரிய கம்பெனிகளைத் தேடிப் போகிறது. சின்னவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

எதிர்க்கட்சிக்கும் பதில் சொல்லணும்

என் அறை நண்பன் ஒருத்தன் இந்தக் கட்டுரையின் முதல் பிரதியைப் படித்துவிட்டுக் கேட்டான்: "பாலிகான் நிறுவனர்களில் ஒருவர் ஜெயந்தி கனானி, வைரப் பட்டறைத் தொழிலாளியின் மகன். அவருக்கு வென்ச்சர் பணம் வரலைன்னா அவர் பெரிய ஆளா ஆகியிருப்பாரா? நெசவாளி மகன் மட்டும் கூலி நோட்டே எழுதிக்கிட்டு இருக்கணுமா?"

நல்ல கேள்வி. நான் யோசித்தேன். கனானி காயின் வாங்கி மேலே வரவில்லை. அவர் புரோகிராம் எழுதத் தெரிந்தவர். ஒரு குறையைப் பார்த்தார். பரிவர்த்தனைக்குக் கட்டணமும் நேரமும் அதிகம் ஆகிறது என்பது அந்தக் குறை. அதைச் சரி செய்ய 2017-இல் நண்பர்களோடு ஆரம்பித்தார். 45 கோடி டாலர் வந்தது ஐந்தாம் வருஷம். பணம் வேலையைத் தேடி வந்தது. நாம் என்ன செய்கிறோம்? வேலையை விட்டுவிட்டுப் பணத்தைத் தேடிப் போகிறோம்.

வென்ச்சர் முதலீடு கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. கடன் கொடுக்க எந்த வங்கியும் துணியாத புது முயற்சிக்கு அந்தப் பணம்தான் வழி. நம் தமிழ்நாட்டிலேயே ஸ்டார்ட்அப்டிஎன் நிறுவனத்தின் டான்சீட் திட்டத்தில் ஆரம்ப நிலைக் கம்பெனிகளுக்கு 10 லட்சம் ரூபாய் தருகிறார்கள். மாநில அரசு 2020-இலேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. அரசு ஆவணங்களுக்காக 'நம்பிக்கை இணையம்' என்று அழகான தமிழ்ப் பெயரில் ஒரு பிளாக்செயின் அமைப்பையும் உருவாக்கியது. ஆக, வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் நாம் பாவு போடுகிறவராகப் போகணும். ஏமாந்த வாடிக்கையாளராகப் போகக்கூடாது.

இன்னொரு ஆசையையும் அளந்து பேசணும். "ஆரணிப் பட்டுக்கு பிளாக்செயின் போட்டா போலி ஒழிஞ்சிடும்" என்று சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் ஒருவர் பேசினார். கை தட்டினோம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் 2004-லிருந்து இருக்கிறது. கைத்தறி ரகங்களைக் காக்க 1985-ஆம் வருஷத்துச் சட்டமும் இருக்கிறது. இத்தனை இருந்தும் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவர்கள் விற்கத்தான் செய்கிறார்கள். பிளாக்செயின் எழுதியதை மாற்ற விடாது, வாஸ்தவம். ஆனால் எழுதியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. பொய்யை எழுதினால் பொய்யையும் பத்திரமாக வைத்திருக்கும்! நூலைப் பற்றவைத்து முடி கருகும் வாடை வருகிறதா என்று பார்ப்பதும், ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று சோதிப்பதும், தறிமேடைக்கு நேரில் போய்ப் பார்ப்பதும் மனுஷன் செய்யவேண்டிய வேலை. அதை எந்தக் கம்ப்யூட்டரும் செய்யாது.

கூலி நோட்டு அப்படி இல்லை. அதில் எழுதும்போதே நெய்தவரும் கொடுத்தவரும் இருவரும் இருக்கிறார்கள். இருவரும் ஒப்புக்கொண்டு எழுதியது பின்னால் மாறாமல் இருக்கணும், அவ்வளவுதான் தேவை. பிளாக்செயினுக்குச் சரியான இடம் அதுதான்.

சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள்

பேசிவிட்டுப் போவது சுலபம். ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று: கல்லூரிக்குள் முதலீடு, காயின், "பாஸிவ் இன்கம்" என்று பேச வருகிற எவரையும் மேடை ஏற்றுவதற்கு முன் சங்கம் நாலு கேள்வி கேட்கட்டும். இதில் உங்களுக்கு என்ன கமிஷன்? முதலீட்டாளர் என்ன விலைக்கு வாங்கினார்? அவர் காயினின் பூட்டு என்றைக்குத் திறக்கும்? தளம் மூடினால் எங்கள் பணத்துக்கு யார் பொறுப்பு? நாலுக்கும் பதில் சொல்பவர் தாராளமாகப் பேசட்டும். பதில் சொல்லாதவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

இரண்டு: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் காயினுக்குப் போகக்கூடாது என்று நமக்குள் ஒரு கட்டுப்பாடு. சட்டம் போட முடியாது, தெரியும். ஒரு நண்பன் போடப் போகிறான் என்று தெரிந்தால், இந்தக் கட்டுரையை அவன் கையில் கொடுங்கள். "7,000 போய் 1,600 வந்த கதை" என்று சொல்லுங்கள். என் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை.

மூன்று: வரும் ஆண்டு இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கூலி நோட்டை எடுத்துக்கொள்வோம். காயின் வேண்டாம். ஃபண்டு வேண்டாம். கொசப்பாளையத்தில் ஒரு தெரு, சைதாப்பேட்டையில் ஒரு தெரு. பத்துத் தறிக்காரர்கள், சம்மதிக்கிற இரண்டு முதலாளிகள். செல்போனில் இருவரும் சேர்ந்து பதிகிற நோட்டு. நகல் ஒன்று நெசவாளரிடம், ஒன்று முதலாளியிடம், ஒன்று நம் கல்லூரி லேபில். முதலாளிகள் சம்மதிப்பார்களா என்று கேட்கிறீர்கள். எல்லாரும் சம்மதிக்க மாட்டார்கள். நேர்மையாக நடப்பவர் இரண்டு பேர் கிடைத்தால் போதும். அவர்களிடம்தான் முதலில் நெய்ய ஆள் போவார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து வருவார்கள்.

இதில் நாம் யாரும் கோடீஸ்வரன் ஆகப்போவதில்லை. ஆனால் டிப்ளமோ முடித்து நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, "பிளாக்செயின் தெரியுமா?" என்று கேட்டால், "காயின் வாங்கியிருக்கேன் சார்" என்று சொல்வது நன்றாக இருக்குமா? "எங்க ஊர்ல பத்துத் தறிக்கு எழுதிக் கொடுத்திருக்கேன் சார்" என்று சொல்வது நன்றாக இருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

முடிக்கிறேன். "பேராசை பெரு நஷ்டம்" என்று சொல்லி முடித்தால் மலருக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் எனக்கு இருந்தது பேராசை இல்லை. ஜக்கார்டு பெட்டி ஆசை. டீக்கடையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும் அப்படி ஏதோ ஒரு சின்ன ஆசைதான் இருக்கும். அக்கா கல்யாணம், அம்மா மருந்து, வீட்டுக் கடன். அந்த ஆசையைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த ஆசையின் மேல் வேறு யாரோ பாவு போட்டு நெய்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

பாவு யாருடையது, சேலை யாருக்குப் போகும் என்று கேட்காமல் எந்தத் தறிக்காரரும் தறியில் உட்கார மாட்டார். நாமும் கேட்போம் தோழர்களே!

கூலி நோட்டு புராஜெக்டுக்கு இதுவரை இரண்டு பேர் சேர்ந்திருக்கிறோம். ஆர்வம் உள்ளவர்கள் கம்ப்யூட்டர் லேபுக்கு வாருங்கள். சாயந்திரம் நாலரை மணிக்கு மேல் அங்கேதான் இருப்போம்.

— இறுதியாண்டு மாணவன்,
கணிப்பொறிப் பிரிவு